மோரீஸ் பழமும் 1988ல் நான் வகுப்பில் சொன்ன ஒரு தவறும்



இந்த வாரம் ராஜகிரிக் கோட்டையின் நீர்வழிகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை அடுத்த வாரம் வைத்துக்கொள்வோம். இன்று வாழையைப் பற்றி எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள். கடைசியில் ஒரு மன்னிப்பும் இருக்கிறது. அதற்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

1988ஆம் வருடம், ஒன்பதாம் வகுப்பு. கர்நாடகப் போர்கள் பாடம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் நடத்துவது எனக்கு எப்போதும் உற்சாகம். 1750 செப்டம்பரில் புஸ்ஸி செஞ்சிக் கோட்டையை ஒரே இரவில் பிடித்ததையும், 1761ல் பாண்டிச்சேரி விழுந்த பிறகு செஞ்சியும் ஆங்கிலேயர் கைக்குப் போனதையும் சொல்லும்போது, ஜன்னல் வழியாக மலையைக் காட்டிச் சொல்வேன். அன்று அதற்கு முந்தைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1746ல் லாபூர்தொனே என்ற பிரெஞ்சுக் கவர்னர் மொரீசியஸ் தீவிலிருந்து கப்பல்களோடு வந்து சென்னையைப் பிடித்தான் என்றேன்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பா தள்ளுவண்டியில் வாழைப்பழம் விற்பவர். எங்கள் தெருவுக்கும் வருவார்.

"சார், அது மோரீஸ் பழம் வந்த தீவா சார்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "யார்றா சொன்னது?" என்றேன்.

"எங்கப்பா சொன்னாரு சார். மோரீசு தீவுலருந்து வந்த பழம்னு."

"அது மாரிஸ்னு ஒரு வெள்ளைக்காரத் துரை பேருடா. அவன் கொண்டுவந்த பழம். வண்டிக்காரங்க சொல்றதெல்லாம் வரலாறு ஆயிடாது. உக்காரு."

உட்கார்ந்துவிட்டான். அதன் பிறகு அந்த வருடம் முழுக்க அவன் என் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன். வாழை கொண்டுவந்த மாரிஸ் துரை ஒருவரை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். தெரியாது என்று சொல்ல அந்த வயதில் எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பையன் நன்றாகப் படித்து, இப்போது இங்கிலாந்தில் டெர்பி நகரத்தில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறான். பெயர் போடட்டுமா என்று கேட்டேன். "வேணாம் சார், படிக்கிற எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க" என்றான். அதனால் பெயர் போடவில்லை. அவனோடு படித்தவர்களுக்கு யாரென்று தெரிந்திருக்கும்.

2022ல் அவன் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினான். அவன் வீட்டுப் பின்பக்கம், செங்கல் சுவர் ஓரமாக, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு வாழை. இங்கிலாந்தில் வாழையா என்று எனக்கு ஆச்சரியம். குலை தள்ளுமா என்று கேட்டேன். தள்ளாது, தள்ளினாலும் அந்தக் காயைத் தின்ன முடியாது என்றான். "காய்க்காத வாழையை எதுக்குடா வச்சுக் காப்பாத்துற?" என்று கேட்டேன். "ஒரு தடவை வந்து பாருங்க சார்" என்று மட்டும் சொன்னான்.

2023ல் நானும் என் துணைவியாரும் நாட்டிங்காமில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் நாலைந்து மாதம் இருந்தோம். ஆகஸ்டில் ஒரு நாள் அவன் கார் எடுத்துக்கொண்டு வந்தான். "அப்பாவுக்குத் திதி சார். நீங்களும் அம்மாவும் வந்து சாப்பிடணும்" என்றான்.

அவன் அப்பா 2020 ஆகஸ்டில் காலமானார். விமானம் இல்லாத நேரம். அவனால் வர முடியவில்லை. தம்பிதான் கொள்ளி வைத்தான். இவன் டெர்பியில் இருந்தபடி செல்போனில் பார்த்தான். நான் அப்போது அனந்தபுரத்திலேயே இருந்தும், கொரோனா பயத்தில் துக்கத்துக்குப் போகவில்லை. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அவன் வீட்டுக்குப் போனதும் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். போட்டோவில் பார்த்த வாழை எட்டடிக்கு வளர்ந்திருந்தது. பக்கத்தில் மூன்று கன்றுகள். கத்தியை எடுத்து ஒரு இலையை நறுக்கி, நுனி இலையைத் தனியாக எடுத்துக் கழுவி, அப்பா படத்துக்கு முன்னால் போட்டான். சோறு, சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம். பக்கத்தில் கடையில் வாங்கிய ஒரு சீப்புப் பழம். கற்பூரம் காட்டிக் காக்காய்க்கு வைத்துவிட்டு வந்து சொன்னான்: "இலைக்குத்தான் சார் இந்த வாழை. இங்க கடையில உறைஞ்ச இலை கிடைக்கும். பிளாஸ்டிக் பையில, கறுத்துப்போய் இருக்கும். அப்பாவுக்கு அதுல வைக்க மனசு வரல."

நான் போனில் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். நான் ஒன்றும் பேசவில்லை.

சாப்பிட்ட பிறகு தோட்டத்தில் உட்கார்ந்து அந்தச் செடியைப் பற்றி அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இதன் பெயர் மூசா பாஸ்ஜூ. சீனாவின் சிச்சுவான் பக்கத்துச் செடி. ஜப்பானில் பல நூறு வருடமாக அழகுக்காக வளர்க்கிறார்கள். அதனால் இங்கிலாந்தில் இதற்கு ஜப்பான் வாழை என்று பெயர். ஹைக்கூ எழுதிய பாஷோவைப் பள்ளியில் உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாஷோ என்றால் ஜப்பானிய மொழியில் இந்த வாழைதான். 1681ல் ஒரு சீடர் அவருடைய குடிசை வாசலில் ஒரு வாழைக்கன்று நட்டார். குடிசைக்கு வாழைக் குடிசை என்று பெயர் வந்தது, பிறகு அவரும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார். இலைக்காகவும் நிழலுக்காகவும் ஒரு வாழையை நேசித்தவர் உலகத்தில் ஏற்கெனவே இருந்திருக்கிறார். நான்தான் காயைத் தேடிக்கொண்டிருந்தேன்.

குளிர் நாட்டில் வாழை எப்படிப் பிழைக்கிறது? இதை நம் ஊர் விவசாயிகளும் கேட்டால் ரசிப்பார்கள். வாழைத் தண்டு என்று நாம் பார்ப்பது உண்மையில் தண்டு இல்லை. இலையின் மட்டைகள் ஒன்றை ஒன்று சுற்றி நிற்பதுதான் அது. உள்ளே நீர்தான் அதிகம். உறைபனி பட்டால் இலை ஒரே இரவில் கறுத்துத் தொங்கிவிடும். பனி தொடர்ந்தால் மட்டையும் அழுகும். ஆனால் உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. கிழங்கு உறையாமல் இருந்தால் மறுபடி கன்று விடும்.

அதனால் நவம்பர் பிறக்கும்போது இலைகளை வெட்டிவிடுகிறார்கள். மட்டையைச் சுற்றிக் கம்பி வலையைக் கூண்டுபோல நட்டு, உள்ளே வைக்கோலைத் திணிக்கிறார்கள். மழை உள்ளே இறங்காமல் மேலே மூடி போடுகிறார்கள். அடியில் மக்கிய இலையைக் குவிக்கிறார்கள். ஏப்ரலில் பிரித்தால், பிழைத்திருந்தால் அதே உயரத்திலிருந்து குருத்து வரும். மட்டை செத்திருந்தால் அடியிலிருந்து கன்று வரும். "நம்ம ஊர்ல வெயிலுக்குப் பந்தல் சார், இங்க குளிருக்கு வைக்கோல்" என்றான்.

பழம் ஏன் வருவதில்லை? வாழை குறிப்பிட்ட அளவு இலை விட்ட பிறகுதான் பூ விடும். பதினைந்து டிகிரியை ஒட்டி வெப்பம் இறங்கினாலே வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். அங்கே நல்ல வெயில் நாலு மாதம்தான். இலைக் கணக்கு முடிவதற்குள் குளிர் வந்துவிடுகிறது. எப்போதாவது பூத்தாலும், பாஸ்ஜூவின் காயில் சதை குறைவு, கறுப்பு விதைதான் நிறைய.

இது நமக்குப் புதுமை போலத் தெரிந்தாலும், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பாறை இடுக்கில் முளைக்கும் காட்டுவாழையும் இதே வித்தையைத்தான் செய்கிறது. கோடையில் இலையெல்லாம் காய்ந்துபோய்க் கிழங்கு மட்டும் இருக்கும். மழை வந்தால் தளிர்க்கும். வில்லியம் ராக்ஸ்பர்க் தன்னுடைய கோரமண்டல் கரைத் தாவரங்கள் நூலில் இதற்கு மூசா சுபர்பா என்று பெயர் வைத்தார். கம்பீரமான வாழை என்று பொருள். அதுவும் உண்ணும் வாழை இல்லை. அதன் தோற்றத்தைப் பார்த்து வைத்த பெயர்.

அன்று சாயந்திரம் அவன், "சார், அடுத்த சனிக்கிழமை உங்களை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். ரொம்ப நாளா நெனச்சிருக்கேன்" என்றான். போன இடம் சாட்ஸ்வொர்த். அதே டெர்பிஷயர் மாவட்டத்தில், டெவன்ஷயர் பிரபுக்களின் மாளிகை. அந்தக் குடும்பத்தின் பெயர் கேவண்டிஷ்.

வாழை பயிரிடும் உறவினர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். நீங்கள் வைக்கும் ஜி-9, ரொபஸ்டா, மோரீஸ் எல்லாம் கேவண்டிஷ் வகை என்று விவசாய அலுவலர் சொல்லியிருப்பார். அந்தப் பெயர் பிறந்தது இந்த மாளிகைத் தோட்டத்தில்தான்.

ஜோசப் பாக்ஸ்டன் என்பவர் 1826ல், 22 வயதில், சாட்ஸ்வொர்த்தின் தலைமைத் தோட்டக்காரராக வந்தார். ஆறாவது டெவன்ஷயர் பிரபுவுக்கு வெப்ப நாட்டுச் செடிகள் மேல் தீராத ஆசை. இருவரும் சேர்ந்து வெந்நீர்க் குழாய் ஓடும் கண்ணாடி வீடுகளைக் கட்டினார்கள். 1829 வாக்கில் ஒரு குட்டை வாழை ரகம் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தது. அதில் ஒரு கன்று பாக்ஸ்டன் கைக்கு வந்தது. சூடேற்றிய வீட்டில், வளமான மண்ணும் நிறையத் தண்ணீரும் கொடுத்து வளர்த்தார். 1835 நவம்பரில் அது பூவிட்டது. அடுத்த வருடம் மே மாதத்துக்குள் நூற்றுக்கு மேல் பழம். லண்டன் தோட்டக்கலைச் சங்கம் பதக்கம் கொடுத்தது. பாக்ஸ்டன் தன் பிரபுவின் குடும்பப் பெயரையே வைத்து அதற்கு மூசா கேவண்டிஷி என்று பெயர் சூட்டினார்.

அந்த வாழை இங்கிலாந்துக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா?

மொரீசியஸ் தீவிலிருந்து.

அங்கே இருந்த சார்லஸ் டெல்ஃபேர் என்பவர் தென் சீனாவிலிருந்து அதை வரவழைத்துத் தன் தோட்டத்தில் வளர்த்து, இங்கிலாந்தில் இருந்த நண்பருக்குக் கன்று அனுப்பினார். 1810ல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தபோது கூட வந்த கப்பல்படை மருத்துவர் அவர். பிறகு அங்கேயே தங்கிக் கரும்புத் தோட்ட முதலாளி ஆனார். செடி ஆராய்ச்சியிலும் பேர் பெற்றவர்.

சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் நின்றுகொண்டு என் மாணவன் இதைச் சொன்னான். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு 1988 வகுப்பறை ஞாபகம் வந்துவிட்டது.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு வருடம் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் பெயர். அந்தத் தீவுக்கு 1598ல் டச்சுக்காரர்கள் தங்கள் இளவரசர் மாரிஸின் பெயரை வைத்து மொரீசியஸ் என்றார்கள். 1715ல் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டு ஈல் த பிரான்ஸ் என்று மாற்றினார்கள். 1810ல் ஆங்கிலேயர் பிடித்தபோது பழைய மொரீசியஸ் பெயர் திரும்பி வந்தது. பிரெஞ்சு பேசுபவர்கள் அதை ஈல் மோரீஸ் என்று சொல்வார்கள். மோரீஸ் என்ற ஒலியைக் கவனியுங்கள். ஆங்கில வழியாக வந்திருந்தால் மொரீசியஸ் பழம் என்று இருந்திருக்கும். நம் பக்கத்து வாயில் இருப்பது பிரெஞ்சு ஒலி. மோரீசுத் தீவு என்றே நம் பெரியவர்கள் சொல்வார்கள். பாண்டிச்சேரி இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். வாழை பற்றிய நூல்களிலும் குட்டைக் கேவண்டிஷ் ரகத்தின் மாற்றுப் பெயர்களில் ஒன்றாக மொரீசியஸ் என்று இருக்கிறது.

ஆக, ஒரு மாரிஸ் இருந்தது உண்மை. ஆனால் அவர் டச்சு இளவரசர். வாழை கொண்டுவந்த துரை இல்லை. இளவரசர் பெயர் தீவுக்குப் போய், தீவின் பெயர் பழத்துக்கு வந்தது. அந்தப் பையனின் அப்பா சொன்னதுதான் சரி.

பாடம் நடத்தியதில் இன்னொரு திருத்தமும் உண்டு. 1746ல் லாபூர்தொனே புறப்பட்டபோது அந்தத் தீவின் பெயர் மொரீசியஸ் இல்லை, ஈல் த பிரான்ஸ். நான் சொன்னது பிற்காலப் பெயர். தேர்வில் நீங்கள் எழுதியிருந்தால் மதிப்பெண் கொடுத்திருப்பேன், அது வேறு விஷயம்.

இரண்டாவது விஷயம், ஆண்டுகள். சாட்ஸ்வொர்த்தில் வாழை பூத்தது 1835 நவம்பர் என்றேன் அல்லவா? அதே 1835 பிப்ரவரியில்தான் மொரீசியஸில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. டெல்ஃபேரின் கரும்புத் தோட்டமும் அதுவரை அடிமைகளின் உழைப்பில்தான் நடந்தது. அடிமைகளுக்குப் பதிலாக ஆள் தேடினார்கள். 1834 நவம்பரிலேயே ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. 1834க்கும் 1920க்கும் நடுவில் இந்தியாவிலிருந்து ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள். பீகார்க்காரர்கள் அதிகம். சென்னை மாகாணத்துத் தமிழர்களும் தெலுங்கர்களும் உண்டு. அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் படித்துறையை 2006ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதற்கும் நூறு வருடம் முன்பே, லாபூர்தொனே காலத்தில், பாண்டிச்சேரியிலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் அங்கே போயிருக்கிறார்கள்.

ஒரே தீவிலிருந்து வாழைக்கன்று ஒரு பக்கம் பிரபுவின் கண்ணாடி வீட்டுக்குப் போகிறது. இன்னொரு பக்கம் நம் மனிதர்கள் அந்தத் தீவின் கரும்புக் காட்டுக்குப் போகிறார்கள். கன்றை யார் வாங்கினார், யார் வளர்த்தார், எந்த மாதம் பூத்தது என்பதெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். தீவைப் பற்றிய நம் பக்கத்து நினைவோ ஒரு பழத்தின் பெயராகத் தள்ளுவண்டியில் மிஞ்சியிருக்கிறது. நான் அதைத்தான் வரலாறு இல்லை என்று சொன்னேன்.

மூன்றாவது, அந்தக் கண்ணாடி வீட்டு வாழையின் பயணம். ஜான் வில்லியம்ஸ் என்ற பாதிரியார் 1838ல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறியபோது சாட்ஸ்வொர்த் கன்றுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். சமோவாவில் அது வேர் பிடித்து, அங்கிருந்து பசிபிக் தீவுகளுக்குப் பரவியது. அப்போதும் உலகச் சந்தையில் அதற்குப் பெரிய இடம் இல்லை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் தின்றது குரோ மிஷெல் என்ற வேறு ரகம். அதைப் பனாமா வாடல் நோய் அழித்தது. மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சை வேர் வழியாக ஏறி மரத்தையே வாட்டிவிடும். கேவண்டிஷ் அந்த நோயைத் தாங்கியதால், 1950, 60களில் வியாபாரிகள் எல்லோரும் அதற்கு மாறினார்கள். இன்று கப்பலேறி வேறு நாட்டுக்குப் போகும் வாழைப்பழம் கிட்டத்தட்ட எல்லாமே இந்த வகைதான்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு, பயிர் வைக்கும் உறவினர்கள் கவனிக்கவும். கேவண்டிஷுக்கு விதை கிடையாது. கன்றோ திசு வளர்ப்போதான். ஒரு ரகத்தின் மரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மரத்தின் நகல்கள். ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். வாழையடி வாழை என்று நாம் கல்யாணத்தில் வாழ்த்துவோம், அதன் மறுபக்கம் இது. அந்தப் பூஞ்சையின் புதிய வகை ஒன்று கேவண்டிஷையே தாக்குகிறது. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் வந்துவிட்டது. தெரியாத இடத்துக் கன்றை வாங்கி வந்து நடாதீர்கள். ஒரு ஓரத்தில் பூவனும் கற்பூரவல்லியும் பேயனும் இருக்கட்டும். திருச்சியில் 1993லிருந்து தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.

இனி அழகு வாழைக்கு வருகிறேன். டெர்பியில் என் மாணவன் வாழை வைக்கக் காரணமான பழக்கமும் சாட்ஸ்வொர்த்திலிருந்துதான் கிளம்பியது. பாக்ஸ்டனிடம் வேலை கற்ற ஜான் கிப்ஸன் என்ற இளைஞரை பிரபு 1835ல் இந்தியாவுக்கு அனுப்பினார். அவர் கல்கத்தா வந்து, காசி மலைக்குப் போய்ச் செடிகள் சேகரித்துக்கொண்டு திரும்பினார். வயதான பிறகு லண்டன் பாட்டர்ஸீ பூங்காவுக்கு அவர் பொறுப்பாளர். 1864ல் அங்கே கண்ணாடி வீட்டுக்கு வெளியே, திறந்த வெளியில், வெப்ப நாட்டுச் செடிகளை நட்டு ஒரு தோட்டம் போட்டுக் காட்டினார். கோடை முழுக்க வெளியே, குளிருக்கு முன் தோண்டி உள்ளே. அதில் எத்தியோப்பிய வாழையும் இருந்தது. அதன் விதையை 1853ல் பிளௌடன் என்ற ஆங்கிலத் தூதர் கியூ தோட்டத்துக்கு அனுப்பியிருந்தார். பிரபுக்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்த வாழை இலையை லண்டன் தொழிலாளிகளும் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தார்கள். இங்கிலாந்துத் தோட்டங்களில் அழகுக்கு வாழை வைக்கும் வழக்கம் பரவியதில் அந்தப் பூங்காவுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த எத்தியோப்பிய வாழையும் இங்கிலாந்தில் அழகுச் செடிதான். சொந்த ஊரில் சுமார் 2 கோடி பேருக்கு அது சோறு. பழத்தைத் தின்பதில்லை. கிழங்கையும் மட்டையையும் சுரண்டிப் புளிக்கவைத்து ரொட்டி சுடுகிறார்கள். எது அழகு, எது சோறு, எது படையல் என்பது செடியில் எழுதியிருக்கவில்லை. வளர்ப்பவனுக்கு அது என்னவாக வேண்டுமோ அதுவாக இருக்கிறது.

சாட்ஸ்வொர்த்தில் பாக்ஸ்டன் பிறகு 277 அடி நீளத்தில் பெரிய கண்ணாடி மாளிகை ஒன்று கட்டினார். 1840ல் முடிந்தது. எட்டுக் கொதிகலன்கள் இரவும் பகலும் எரிந்தன. அந்த அனுபவத்தில்தான் 1851ல் லண்டனில் ஸ்படிக மாளிகையைக் கட்டினார். முதல் உலகப் போரில் கரி கிடைக்காமல் கொதிகலன்கள் அணைந்தன. செடிகள் குளிரில் செத்தன. 1920ல் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இப்போது அந்த இடத்தில் செடிகளால் ஆன சுற்றுப் புதிர்ப்பாதை இருக்கிறது. அதில் நடந்தபோது எனக்கு நம் கல்யாண மகால் ஞாபகம். யானை போனது, குதிரை போனது, பெரிய கட்டடங்கள் போயின. அங்கே மூடி வைத்து வளர்த்த வாழை மட்டும் தப்பித்து வெளியே வந்து, அனந்தபுரம் பஸ் நிறுத்தத்தில் தாரோடு தொங்குகிறது.

திரும்பி வரும் வழியில் காரில் அவனிடம் கேட்டேன். "இது உனக்கு எப்ப தெரியும்?"

"இங்க வந்த ரெண்டாவது வருசமே தெரியும் சார்."

"ஏன்டா சொல்லல?"

"அப்பாகிட்ட போன்ல சொன்னேன் சார். 'நீ சொன்னது சரிதான்பா'ன்னு."

"அவரு என்ன சொன்னாரு?"

"'வாத்தியார் கிட்ட போய் சொல்லிடாதடா, பாவம், வருத்தப்படுவாரு'ன்னாரு."

அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. நாட்டிங்காம் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

அந்த மனிதரிடம் இருபது வருடத்துக்கு மேல் பழம் வாங்கியிருக்கிறேன். என் வீட்டு வாசலில் நின்று, "சார், மோரீஸ் இன்னைக்கு நல்லாருக்கு" என்று எத்தனை முறை சொல்லியிருப்பார். ஒரு நாளாவது, "இதற்கு ஏன் மோரீஸ் என்று பெயர், உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டிருக்கலாம். அவருக்கு யார் சொன்னார்களோ, அவருடைய அப்பாவோ, மண்டிக்காரரோ, பாண்டிச்சேரிக்காரர் யாராவதோ. கேட்டிருந்தால் எனக்கு ஒரு பாடம் கிடைத்திருக்கும். இப்போது கேட்க அவர் இல்லை.

ஆகவே இந்தப் பதிவின் மூலம் என் மாணவனிடமும், காலமான அவன் தந்தையிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வகுப்பில் இருந்து சிரித்த மற்றவர்களும் இதைப் படிக்கிறீர்கள். நான் சிரித்ததால்தான் நீங்களும் சிரித்தீர்கள், தப்பு என்னுடையது. மாரிஸ் துரையை உங்கள் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.

இப்போது ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்கள் பலர் உண்டு. உங்களுக்கு ஒரு வார்த்தை. வகுப்பில் பிள்ளைகள், "எங்க தாத்தா சொன்னாரு, எங்கம்மா சொன்னாங்க" என்று ஆரம்பித்தால் முழுதும் கேளுங்கள். பாதிக்கு மேல் கதையாக இருக்கலாம். சரியா என்று தெரியாவிட்டால், "நாளைக்குப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். மரியாதை ஒன்றும் குறையாது. நான் முப்பத்து நாலு வருடம் அது குறைந்துவிடும் என்று பயந்தேன்.

இந்த ஏப்ரலில் டெர்பியிலிருந்து மறுபடி போட்டோ வந்தது. வைக்கோலைப் பிரித்திருக்கிறான். தாய்மரம் குளிரில் போய்விட்டது. பக்கத்தில் இரண்டு கன்று குருத்து விட்டிருக்கிறது. ஆகஸ்டுக்குள் இலை போடும் அளவுக்கு வந்துவிடும் என்று எழுதியிருக்கிறான்.

நான் நேற்று எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு மோரீஸ் கன்று நட்டேன். குலை தள்ளினால் முதல் சீப்பு அவன் தம்பி வீட்டுக்கு.

உங்கள் ஊரில் இந்தப் பழத்துக்கு என்ன பெயர், ஏன் அந்தப் பெயர் என்று பெரியவர்கள் சொல்லியிருந்தால் கீழே எழுதுங்கள். இந்த முறை ஒழுங்காகக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்,
அனந்தபுரம்.